பெயின்டர் ஊசி வேண்டாம் என்ற மதியங்கள்

எலும்பு வார்டு மூன்றாம் மாடியில் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்ற பெரிய மரத்தின் தலை சரியாக அந்த மாடிக்கு எட்டியது. மதியச் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போன பிறகு, வெயில் இலைகளுக்குள் புகுந்து வந்து கட்டில்கள் மேல் அலையடிக்கும். சுவர், போர்வை, தொங்கும் குளுக்கோஸ் பாட்டில் எல்லாம் லேசாக ஆடுவது போலிருக்கும். அந்த நேரத்தில் உள்ளே வருகிறவர்களுக்குக் குளத்தின் அடியில் இறங்கிவிட்ட மாதிரி தோன்றும். யாரும் சொல்லாமலே குரலைத் தணித்துக்கொள்வார்கள்.

அந்த நேரத்தில்தான் பஞ்சு டியூட்டிக்கு வருவாள்.

பஞ்சு என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. ஊசி போட்டதே தெரியவில்லை, கையா பஞ்சா என்று எப்போதோ ஒரு நோயாளி கேட்டது வார்டு முழுக்கப் பரவி, கை கழன்று பஞ்சு மட்டும் நின்றுவிட்டது. ஆனால் அவள் பேர் வாங்கியது ஊசியால் மட்டுமல்ல. அழுகிறவர்களிடம் உட்காரத் தெரிந்தவள் என்று எல்லோரும் சொன்னார்கள். வாயை மூடு என்று அதட்டமாட்டாள், எல்லாம் சரியாகிவிடும் என்று அளந்துவிடமாட்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு கேட்பாள். அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் எதிரே இருப்பவர் கரைந்து, அழுது, மூக்கைச் சிந்தித் தூங்கிப்போவார். "ஆஸ்பத்திரியில கொட்டுற தேன்ல ஒரு சொட்டை வீட்டுப் பக்கமும் தெளிக்கக் கூடாதா?" என்று அவள் வீட்டுக்காரர் கேட்பார். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

அன்றைக்கு அவள் கையுறைப் பெட்டியைத் திறப்பதற்குள் காலை ஷிப்ட் பெண் ஓடி வந்தாள்.

"அக்கா, ஜன்னலோரம் ஒரு பெயின்டர் வந்திருக்காரு. காலையிலேர்ந்து உசிரை வாங்கிட்டாரு. நேத்து சாரம் சரிஞ்சு விழுந்து முழங்காலுக்குக் கீழ எலும்பு முறிஞ்சிருக்கு. கட்டுப் போட்டாச்சு. கூட வேலை செஞ்ச மச்சான் அங்கயே போயிட்டாராம். விஷயத்தை இன்னைக்குக் காலையிலதான் சொன்னாங்க. அதுலேர்ந்து ஒரே கத்தல். போடவேண்டிய ஊசியெல்லாம் போட்டாச்சு, டாக்டரும் வந்து பாத்தாச்சு. வலி கால்ல இல்லக்கா, உள்ளுக்குள்ள. உங்க கேஸ்."

உங்க கேஸ் என்ற வார்த்தை பஞ்சுவுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததை அவள் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

பெயின்டர் அகலமான முகமும் தடித்த கைகளுமாக, கட்டிலுக்குக் கொஞ்சம் பெரிய ஆளாகப் படுத்திருந்தார். இமை முடிகளில் நீல வண்ணம் பொடிப்பொடியாக ஒட்டியிருந்தது. யாரும் அதைத் துடைக்கவில்லை. மாவுக்கட்டுப் போட்ட கால் தலையணைகளின் மேல் ஏறியிருந்தது, போர்வை அதை முழுக்க மூடியிருந்தது. கால்மாட்டில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். செத்துப்போனது அவளுடைய அண்ணன். அவள் கண்ணில் ஒரு சொட்டுக்கூட இல்லை. மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஞ்சு ஸ்டூலை இழுத்தாள். தோளில் கையை வைத்தாள்.

"வலிக்குது சிஸ்டர்," என்றார் பெயின்டர்.

"தெரியுது தம்பி. வலிக்கத்தானே செய்யும். மச்சான் உங்களோட எவ்வளவு காலமா வேலை செஞ்சாரு?"

கேள்வி சரியான இடத்தில் போய் விழுந்தது. பெயின்டர் கண்ணை மூடினார். மருந்து மயக்கத்தில் வார்த்தைகள் ஒன்றோடொன்று இழைந்து, தண்ணீரில் மிதந்து வருவதுபோல் வந்தன.

"கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்தே. மாப்பிள்ளை எப்படின்னு பாத்துட்டு வரேன்னு என்னைப் பாக்க வந்தான். நான் ஒரு வீட்டுக்கு உள்செவுரு அடிச்சிட்டிருந்தேன். பின்னாடி நின்னு பாத்தான், பாத்தான்... 'இப்படியா பிரஷ் புடிக்கிறது'ன்னு என் கையிலேர்ந்து புடுங்கிட்டான். மிச்சச் செவுத்தை அவனே அடிச்சு முடிச்சுட்டு, தங்கச்சியைத் தரேன்னு சொல்லிட்டுப் போனான். எனக்குப் பொண்ணு குடுத்தானா, கூலிக்கு ஆள் புடிச்சானான்னு இன்னைக்கு வரைக்கும்..." அவர் உதடு கோணியது. "வலிக்குது சிஸ்டர்."

"சொல்லுங்க. அழணும்னா அழுங்க. யாரும் ஒண்ணும் நினைக்கமாட்டாங்க."

அவர் அழுதார். இலைகளின் நிழல் அவர் நெற்றியில் நீந்தியது. பஞ்சுவுக்குத் தன் கை தோளில் இருப்பதும், அந்தத் தோள் குலுங்குவதும், எதிரே வார்டு மெல்ல ஆடுவதும் ஒரு தாலாட்டுப் போல இருந்தது. நடுநடுவே வலிக்குது என்ற சொல் வந்தது. அவள் அதையும் தாலாட்டின் ஒரு அடியாகவே எடுத்துக்கொண்டாள். மனைவியின் வறண்ட முகத்தைப் பார்த்துவிட்டு, எழுந்து அவள் காதருகே போய்ச் சொன்னாள்: "சாவு விஷயம், அடக்கம் எப்பன்றது எல்லாம் இவர் முன்னாடி இப்ப பேச வேணாம்மா. தாங்கமாட்டாரு."

மனைவி தலையை மட்டும் ஆட்டினாள்.

எதிர்க் கட்டிலில் இடுப்பெலும்பு முறிந்து கிடந்த கணக்கு வாத்தியார் தன் வேலையை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். வார்டில் யார் முனகினாலும் அவர் மார்க் போடுவார். "சிஸ்டர், இந்தச் சத்தம் கணக்குல வரலையே," என்றார். "ஊசி போட்டா குறையணும். இது ஏறிக்கிட்டே போகுது."

"நீங்க கொஞ்சம் தூங்குங்க சார்," என்றாள் பஞ்சு.

அடுத்த ஊசிக்கு நேரமாகவில்லை. தூங்குவதற்கு ஏதாவது கொடுக்கலாமா என்று டாக்டரைக் கேட்போம் என்று நினைத்து எழுந்தபோது பெயின்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த கை ஜில்லென்று வியர்த்திருந்தது. கண் திறந்திருந்தது. அந்தக் கண்ணில் மயக்கமே இல்லை.

"சிஸ்டர், உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும். அழுகையை நான் பாத்துக்கறேன். நீங்க காலைப் பாருங்க."

பஞ்சு நின்றாள்.

கால்மாட்டிலிருந்து முதல் முறையாக மனைவி பேசினாள். குரல் கரகரத்தது. "எங்கப்பா செத்தப்ப இவர் அழுததைப் பாத்திருக்கேன்க்கா. அழும்போது கால் விரலெல்லாம் சுருட்டிக்குவாரு, சின்னப் புள்ள மாதிரி. நான் போர்வைக்குள்ள கையை விட்டுப் பாத்துட்டேதான் உக்காந்திருக்கேன். விரல் அசையவே இல்ல."

பஞ்சு போர்வையை விலக்கினாள்.

மாவுக்கட்டின் நுனியில் விரல்கள் வீங்கி, மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. தொட்டால் சூடே இல்லை. கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் தொட்டு, "தெரியுதா?" என்றாள். "எங்க தொடுறீங்க?" என்றார் அவர். கட்டைவிரலை மெல்ல மேலே நிமிர்த்தினாள். பெயின்டர் போட்ட கூச்சலில் வாத்தியார்கூட மார்க் போட மறந்துவிட்டார்.

கட்டுக்குள் கால் வீங்கி, சதை தன்னைத்தானே நெரித்துக்கொண்டிருந்தது. ரத்தம் இறங்க வழியில்லை. இன்னும் விட்டால் சதை செத்துவிடும், பிறகு காலே இல்லை. பாடப் புத்தகத்தில் படித்தது மட்டுமல்ல, கண்ணாலும் பார்த்திருக்கிறாள். ஸ்டூலில் உட்கார்ந்து தாலாட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அது போர்வைக்கு அடியில் நடந்துகொண்டிருந்தது.

காலுக்கடியில் இருந்த தலையணைகளை உருவிக் காலைச் சமமாகக் கிடத்தினாள். போனில் டாக்டரைக் கூப்பிட்டாள். அவள் குரலைக் கேட்டே டாக்டர் படியேறி ஓடி வந்தாள். சின்ன வயசுக்காரி, முந்தின நாள் முழுக்கக் கண்ணை மூடாதவள். மாவுக்கட்டை மேலிருந்து கீழ்வரை அறுத்தார்கள். வெட்டும் கருவியின் இரைச்சலில் வெள்ளைத் தூசி எழும்பி, ஜன்னல் வெளிச்சத்தில் மெதுவாக, அவசரமே இல்லாமல் இறங்கியது. உள்ளே இருந்த பஞ்சையும் துணியையும் தோல் வரைக்கும் கத்தரித்தார்கள். கெண்டைக்கால் கல் மாதிரி இருந்தது.

"ஆபரேஷன் தியேட்டருக்குச் சொல்லுங்க, காலை உடனே கீறித் திறந்துவிடணும்," என்ற டாக்டர், கையெடுக்காமலே கேட்டாள்: "எப்பலேர்ந்து சிஸ்டர்?"

"நான் வந்ததுலேர்ந்து வலிக்குதுன்னு சொல்லிட்டேதான் இருக்காரு டாக்டர். நான்தான் போர்வையை இப்பதான் விலக்கினேன்."

"காலையில நானும் முகத்தைத்தான் பாத்துட்டுப் போனேன்," என்றாள் டாக்டர்.

தியேட்டர் வாசலில் ஒரு நீளமான பெஞ்சு இருந்தது. சாயங்கால வெளிச்சம் தரையில் மஞ்சளாக நீண்டு, பெஞ்சின் கால்களைத் தொட்டுக்கொண்டிருந்தது. பெயின்டரின் மனைவி ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். டியூட்டி மாறும் நேரத்தில் பஞ்சு கீழே வந்தாள். நேராக வீட்டுக்குப் போயிருக்கலாம். மனசு கேட்கவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தோளில் கை வைக்கவில்லை.

"நான் முதல்லயே காலைப் பாத்திருக்கணும்மா," என்றாள்.

பரவாயில்லை அக்கா என்றோ, நீங்கதானே காப்பாத்தினீங்க என்றோ ஏதாவது வரும் என்று அவளையறியாமல் காத்திருந்தாள் போலிருக்கிறது. ஏனென்றால், "ஆமா, பாத்திருக்கணும்," என்று அந்தப் பெண் சொன்னபோது நெஞ்சில் நறுக்கென்றது.

அந்தப் பெண்ணே தொடர்ந்தாள். "நாளைக்குக் காலையில எங்கண்ணனை எடுக்கறாங்க. நான் போயிட்டு வந்துடுவேன். இவரை யார்கிட்ட விட்டுட்டுப் போறதுன்னு தெரியல. அதான் இன்னும் அழல. ரெண்டையும் ஒண்ணாப் பாக்க எனக்குக் கை பத்தாது."

"நான் இருக்கேன்," என்றாள் பஞ்சு. "எனக்கு நாளைக்கு லீவுதான். ஆனாலும் வந்து இருக்கேன்."

அந்தப் பெண் அவளைத் திரும்பிப் பார்த்தாள். நம்பலாமா என்று எடை போடுகிற பார்வை. பிறகு, "சரிக்கா," என்றாள்.

சொன்னபடியே மறுநாள் பஞ்சு வந்து இருந்தாள். கால் தப்பியது. கெண்டைக்காலின் இரண்டு பக்கமும் கீறித் திறந்து விட்டிருந்தார்கள். வீக்கம் வடியும்வரை புண்ணைத் தைக்காமல், நாள் தவறாமல் சுத்தம் செய்து கட்டவேண்டும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதே கஷ்டம். படுத்திருப்பவருக்கு எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

ஆனால் பெயின்டர் சத்தமே போடவில்லை. கட்டுப் பிரிப்பதற்கு முன் ஊசி போட வந்தால், வேண்டாம் சிஸ்டர் என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பார். தாடை எலும்பு துடிக்கும். கட்டில் கம்பியைப் பிடித்திருக்கும் விரல்கள் வெளுத்துப்போகும். புண் கழுவி முடிப்பதற்குள் தலையணை நனைந்திருக்கும். "ஆம்பளைன்னா இப்படி இருக்கணும்," என்று பக்கத்துக் கட்டில்காரர் புகழ்ந்தார். வாத்தியார் நூற்றுக்கு நூறு போட்டார். காலை ஷிப்ட் பெண்ணுக்கும் நிம்மதி. தொந்தரவில்லாத நோயாளி.

பஞ்சுவுக்கு மட்டும் அந்த அமைதி பிடிக்கவில்லை. அந்த நாளுக்குப் பிறகு அவள் ஸ்டூலில் உட்காருவதையே விட்டிருந்தாள். வந்தவுடன் போர்வையை விலக்குவாள், விரலைத் தொடுவாள், அசைக்கச் சொல்வாள். நிறம், சூடு, வீக்கம். எல்லாம் சரியாக இருக்கும். சரி என்று நகர்ந்துவிடுவாள். தோளில் வைத்த கையை அவள் நம்பவில்லை. ஆனால் இப்போது கால் நன்றாக இருந்தது. புண் சிவந்து, ஆரோக்கியமாக, ஆறுகிற புண்ணின் லட்சணத்தோடு இருந்தது. அந்த மனிதர் மட்டும் நாளுக்கு நாள் கரைந்துகொண்டிருந்தார். தட்டு தொடப்படாமல் போனது. மனைவி வந்தால் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். அவளும் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போனாள்.

ஒரு மதியம் மழை தூறிக்கொண்டிருந்தது. இலை நிழலுக்குப் பதில் ஜன்னல் கண்ணாடியில் வழியும் தண்ணீரின் நிழல் சுவரில் இறங்கியது. வார்டு முழுக்கத் தூங்கியது. பஞ்சு விரல்களைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, ரொம்ப நாளைக்குப் பிறகு, ஸ்டூலை இழுத்தாள்.

"கால் நல்லாயிருக்கு," என்றாள். "நல்லாப் பாத்துட்டேன். இப்ப சொல்லுங்க தம்பி, ஊசி ஏன் வேணாம்ங்கறீங்க?"

"பழகிடுச்சு."

"யாருக்கும் பழகாது. எனக்குத் தெரியும். நான் கழுவுற கை."

அவர் ரொம்ப நேரம் சுவரில் இறங்கும் தண்ணீரைப் பார்த்தார்.

"ஊசி போட்டா அவன் வர்றான் சிஸ்டர்."

பஞ்சு ஸ்டூலை இன்னும் கிட்டே நகர்த்தினாள்.

"அந்தப் பெரிய செவுரு இருக்கில்ல, நாங்க அடிச்சிட்டிருந்தது, அது வருது. ஆனா முடிவே இல்லாத செவுரு. மேல பாத்தா வானம் வரைக்கும் போகுது. எது செவுரு எது வானம்னு தெரியல, ரெண்டும் ஒரே நீலம். மச்சான் அங்க உக்காந்திருக்கான். சாரமே இல்ல, சும்மா காத்துல உக்காந்திருக்கான், காலைத் தொங்கப் போட்டுட்டு. சட்டையைத் தலையில கட்டியிருக்கான். 'மாப்ள, ஏன் இவ்வளவு நேரம், டப்பாவைக் கொண்டா'ங்கறான். நான் ஏறுறேன். எனக்கு வலியே இல்ல, கால் பறக்குது. ரெண்டு பேரும் அடிக்கிறோம். அவன் கதை சொல்றான், நான் சிரிக்கிறேன். அப்படி ஒரு சந்தோஷம் சிஸ்டர், சொன்னா நம்பமாட்டீங்க."

மழை சற்று வலுத்தது.

"அப்புறம் மருந்து இறங்கிடும். கண்ணைத் தொறக்கறேன். இந்தக் கூரை. சரி, மச்சான் எங்கன்னு கேக்கலாம்னு திரும்பறேன். திரும்பும்போதுதான் ஞாபகம் வருது. ஒவ்வொரு தடவையும் புதுசா வருது. இப்பதான் யாரோ வந்து சொன்ன மாதிரி." அவர் குரல் உடையவில்லை. அதுதான் கேட்கச் சகிக்கவில்லை. "ஒரு தடவை அவனைப் பறிகுடுத்தாச்சு. தினம் தினம் எத்தனை தடவை பறிகுடுக்கறது? அதுக்குக் கால் வலி தேவலை. வலி இருந்தா நான் இங்கயே இருக்கேன். அவன் செத்தவனாவே இருக்கான்."

பஞ்சு இத்தனை வருஷத்தில் சேர்த்து வைத்திருந்த ஆறுதல் வார்த்தை எல்லாம் வாய் வரைக்கும் வந்து, ஒன்றுக்கொன்று வழி விட்டுத் திரும்பிப் போயின. அவள் தோளைத் தொட்டாள்.

"சரி. தலைக்கு ஏறாம காலை மட்டும் மரக்க வைக்க முடியுமான்னு கேக்கறேன். முடியும்னா ஒத்துக்குவீங்களா?"

"நான் முழிச்சிட்டிருப்பேனா?"

"நல்லா முழிச்சிட்டிருப்பீங்க. கனவு வராது."

அவர் யோசித்தார். "கேளுங்க," என்றார்.

டாக்டரிடம் பஞ்சு நடந்ததைச் சொன்னாள். டாக்டர் கையிலிருந்த டீ ஆறிப்போகும்வரை கேட்டாள். "வலி தாங்கறார்னு நானும் சந்தோஷப்பட்டேனே," என்றாள். "இடுப்புப் பக்கத்துல நரம்பைச் சுத்தி மருந்து விட்டா கால் மட்டும் மரத்துடும். சதை நல்லா ஆறி வருது, இப்ப பயமில்ல. மயக்க டாக்டர்கிட்ட நான் பேசறேன். ஆனா சிஸ்டர், வலி நின்னா இத்தனை நாள் அடக்கினது கிளம்பி வரும். அது பரவாயில்லையா?"

"வரட்டும் டாக்டர். எங்கயும் போகாம அது இங்கயேதான் உக்காந்திருக்கு."

அடுத்த மதியம் கட்டுப் பிரிக்கும் நேரத்துக்கு மனைவியை வரச் சொன்னாள் பஞ்சு. வார்டு வாசலிலேயே அவளை நிறுத்திப் பேசினாள்.

"அன்னைக்கு அவர் முன்னாடி எதுவும் பேசாதேன்னு நான் சொன்னேன்ல. அதை நான் திரும்ப வாங்கிக்கறேன்மா. பேசு."

"ஊர்லேர்ந்து வந்த எங்க சித்தப்பாவும் அதையேதான் சொன்னாரு, பேசாதேன்னு. என்னத்தைப் பேச?"

"அவருக்குத் தெரியாதது உனக்குத் தெரியும். அவர் அங்க இல்லையே. எப்படிப் போனாரு, யார் வந்தாங்க, எல்லாம் நீதானே பாத்த."

அந்தப் பெண் சேலை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "எனக்கும் ஒண்ணு கேக்கணும்க்கா அவர்கிட்ட. பயமா இருக்கு."

"கேளு. நான் பக்கத்துலயேதான் இருப்பேன், காலோட."

திரையை இழுத்துவிட்டார்கள். வெயில் திரைத் துணியில் ஊறி, உள்ளே எல்லாமே பழுத்த நிறமாக இருந்தது. பெயின்டரின் கால் மரத்துக் கிடந்தது. பஞ்சு கட்டைப் பிரித்தாள், தண்ணீர் விட்டாள். அவர் கம்பியைப் பிடிக்கவில்லை. எதைப் பிடிப்பது என்று தெரியாத கை போர்வைமேல் சும்மா கிடந்தது. முகத்தில் ஒரு திகைப்பு. இவ்வளவு நாள் எதிரே நின்ற ஒரு ஆள் நகர்ந்துவிட, பின்னால் இருந்தது தெரிய ஆரம்பித்ததுபோல்.

"என்னங்க," என்றாள் மனைவி. "அண்ணனுக்கு அந்தக் கோடு போட்ட சட்டையைத்தான் போட்டுவிட்டேன்."

பெயின்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார். நாள்கணக்கில் பார்க்காத பார்வை.

"எது, காலர் கிழிஞ்சதா?"

"தெச்சுப் போட்டேன். புதுசு போடலாம்னாங்க. அண்ணனுக்குப் புதுச்சட்டை உறுத்தும்னு நான்தான் விடல. குளிப்பாட்டும்போது நகத்துல பெயின்ட் போகவே இல்லைங்க. எவ்வளவோ தேச்சேன். அப்புறம் இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

"போகாது," என்றார் அவர். "அது மண்ணெண்ணெய்க்குத்தான் போகும்."

"யாரும் சொல்லலையே."

"நான் இருந்திருந்தா சொல்லியிருப்பேன்."

அதோடு அவர் உடைந்துபோனார். வார்த்தையும் இல்லை, சத்தமும் பெரிதாக இல்லை. நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. மனைவி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அவர் தலையைப் பிடித்துக்கொண்டாள். பஞ்சு கையை நிறுத்தவில்லை. புண்ணைச் சுற்றி ஈரத்தை ஒற்றி எடுத்தாள். அவள் இப்போது எதுவும் சொல்லவேண்டியதில்லை என்பது அவளுக்கே விநோதமாக இருந்தது.

கொஞ்சம் அடங்கிய பிறகு மனைவி கேட்டாள்: "கடைசியா அண்ணன் என்ன பேசிட்டிருந்தாரு? என்னைப் பத்தி ஏதாவது... வீட்டைப் பத்தி..."

பெயின்டர் மூக்கை உறிஞ்சினார். "சொன்னா திட்டுவ."

"சொல்லுங்க."

"டீயில சக்கரை பத்தலைன்னு திட்டிட்டிருந்தான். 'உன் பொண்டாட்டி டீ போடுறாளா, தண்ணியில டீத்தூளைக் காமிச்சுட்டு எடுத்துடுறாளா'ன்னான். நான் சிரிச்சேன். சிரிச்சிட்டே இருக்கும்போதுதான்..."

அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பாகத்தான் கிளம்பியது. "பாவி! நான் சின்னப் பொண்ணா இருந்ததுலேர்ந்து அதையேதான் சொல்லிட்டிருந்தான். சக்கரை பத்தல, சக்கரை பத்தல..." சிரிப்பு பாதி வழியில் வழுக்கி விழுந்து அழுகையாயிற்று. அண்ணன் போனதிலிருந்து அவள் அடக்கி வைத்திருந்த அழுகை. திரைக்கு வெளியே கட்டில்கள் கிரீச்சிட்டன, யாரோ இருமினார்கள், எல்லாம் எங்கோ தூரத்தில் வேறு கரையில் நடப்பதுபோல் இருந்தது.

"அவன் பயப்படல," என்றார் பெயின்டர். "நான் பாத்தேன். பயப்பட நேரமே இல்ல. டீயைப் பத்திப் பேசிட்டே போயிட்டான்."

"நிஜமாவா?"

"உன் மேல சத்தியமா."

பஞ்சு கடைசிச் சுற்றைச் சுற்றி ஒட்டினாள். விரல்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு திரைக்கு வெளியே வந்தாள். எதிர்க் கட்டிலில் வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். மார்க் எதுவும் சொல்லவில்லை.

மற்றக் கட்டில்களின் வேலையை முடித்துவிட்டு அவள் திரும்பி வந்து திரையை விலக்கியபோது, மனைவி ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கட்டிலில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போயிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. பெயின்டர் ஒரு கையை அவள் தலைமேல் வைத்துக்கொண்டு விழித்திருந்தார். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. இன்னொரு கையால் சாப்பாட்டுத் தட்டிலிருந்து ஒரு ரொட்டித் துண்டை எடுத்து, பாதியைத் தின்றிருந்தார்.

"மருந்து வேகம் குறையுதா?" என்று பஞ்சு கிசுகிசுத்தாள்.

"கொஞ்சம் கொஞ்சமா வலிக்க ஆரம்பிச்சிருக்கு," என்று அவரும் கிசுகிசுத்தார். "தாங்கற வலிதான். தாங்கலைன்னா சொல்றேன். மாத்திரைன்னா போட்டுக்கறேன்."

வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. சாயங்கால ரவுண்ட்ஸுக்கு டாக்டர் வந்துகொண்டிருந்தாள், பின்னால் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு காலை ஷிப்ட் பெண், அன்றைக்கு அவளுக்கு இரட்டை டியூட்டி. வழக்கப்படி ஜன்னலோரக் கட்டிலில்தான் ரவுண்ட்ஸ் ஆரம்பிக்கும். பஞ்சு வேகமாக நடந்து போய் வழியில் நின்றாள்.

"டாக்டர், இன்னைக்கு அந்தக் கோடியிலேர்ந்து ஆரம்பிக்கலாமா? இவரைக் கடைசியில பாத்துக்கலாம். கால் நல்லாயிருக்கு, இப்பதான் பாத்தேன். அந்தப் பொண்ணு தூங்குது."

டாக்டர் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். பழுத்த வெளிச்சத்தில் கட்டிலும், ஸ்டூலும், விழித்திருக்கும் ஒருவரும், தூங்கும் ஒருத்தியும். வண்டிச் சக்கரம் கிரீச்சென்றது. டாக்டர் உதட்டில் விரலை வைத்து வண்டிக்காரியைத் திரும்பிப் பார்த்தாள். அவள் வண்டியை முன்பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேரும் திருடர்கள் மாதிரி அடிமேல் அடி வைத்து, வார்டின் அந்தக் கோடியை நோக்கி நடந்தார்கள்.